மாராத்தாள் கைப் போணி

ஊத்துக்காட்டுப்புதூர் மில் லைனில் முதல் ஷட்டர் முளைத்தது நாச்சிமுத்து வீட்டுச் சுவரில்தான். ராத்திரி படுக்கப் போகும்போது வெள்ளையடித்த வெறும் சுவராக இருந்தது. விடிந்து வாசல் தெளிக்க வந்த அவன் பெண்சாதி பார்த்தால், ஜன்னலுக்கும் வாசற்படிக்கும் நடுவில் நீலப் பெயின்ட் அடித்த ஒரு இரும்பு ஷட்டர், கீழே பூட்டு மாட்டும் வளையத்தோடு, மேலே எழுத்தில்லாத தகர போர்டோடு, என்னமோ ரொம்ப வருசமாக அங்கேயே இருந்த மாதிரி ஓரத்தில் துருவும் ஏறி நின்றது. அவள் கத்திக் கூப்பாடு போடவில்லை. சுவரில் கரையான் வந்தால் எப்படி மூஞ்சியைச் சுளிப்பாளோ அப்படிச் சுளித்துவிட்டு, "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க, செவுத்துல என்னமோ வந்திருக்குது" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

வரக் காரணம் என்ன என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? மில்லை மூடி, மெஷின்கள் எல்லாம் லாரி ஏறிப் போன பிறகு, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. சட்டையை இன் பண்ணின ஒரு தம்பி மைக்கைப் பிடித்து, வேலை தேடின காலம் முடிஞ்சுதுங்க, இனிமே ஒவ்வொரு வீடும் ஒரு கம்பெனி, ஒவ்வொருத்தரும் ஒரு முதலாளி, உங்களுக்குள்ள ஒரு யோசனை தூங்கிட்டிருக்குது, அதைத் தட்டி எழுப்புங்க என்று பேசி, எல்லாருக்கும் தக்காளி சாதம் கொடுத்து அனுப்பினான். தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது, பாவம்.

யாருக்கெல்லாம் யோசனை வந்ததோ அவர்கள் சுவரிலெல்லாம் ஷட்டர் வந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிற நாச்சிமுத்துவுக்கு, பாக்குமட்டைத் தட்டு போட்டு விற்கலாம் என்று யோசனை. கடைசி வீட்டு வேலுச்சாமிக்கு செல்போன் கவர். ஒரு வீட்டில் ராகி லட்டு, ஒரு வீட்டில் நாய்க்குச் சட்டை. யோசனையே வராத ஒருத்தன், வரவில்லையே என்று கவலைப்பட்டதற்கே அவன் வீட்டிலும் ஷட்டர் வந்துவிட, அவன் மற்றவர்களுக்கெல்லாம் போர்டு எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே சிமென்ட் தரை போட்ட ஒரு அறை, ஒரு ஸ்டூல், ஒரு மரக் கல்லாப்பெட்டி. வீட்டுக்குள்ளே போய்த் தேடினால் அப்படி ஒரு அறை கிடையாது, அந்த இடத்தில் அடுப்படியும் அரிசி டப்பாவும்தான் இருக்கும். முதல் வாரம் எல்லாரும் உள்ளே போய், வெளியே வந்து, டேப் வைத்து அளந்து பார்த்தார்கள். அப்புறம் அளப்பதை விட்டுவிட்டு அலமாரி அடித்தார்கள். பேரூராட்சியிலிருந்து வந்து கடைக்கு வரி போட்டுவிட்டுப் போனார்கள், கரன்ட் ஆபீசில் தனி மீட்டர் வைத்தார்கள், அதோடு அது சாதாரண விஷயம் ஆகிவிட்டது.

மாராத்தாள் வீட்டில் மட்டும் வரவில்லை. முகாம் நடந்த அன்றைக்கு அவள் பின்பக்கம் தக்காளி சாதம் போட்டுக்கொண்டிருந்தாள், அந்தத் தம்பி பேசினது ஒன்றும் அவள் காதில் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை, மில்லில் நெஞ்சுவலி வந்து செத்துப்போன புருஷன், எதிர்வீட்டிலேயே கட்டிக் கொடுத்த மகள் கோகிலா, இதற்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கோகிலாவுக்கு யோசனை வந்தது, அதுவும் நல்ல யோசனை. இப்போதெல்லாம் வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சேலை கட்டத் தெரிவதில்லை, ஆசை மட்டும் இருக்கிறது. கோகிலா அந்தச் சேலையை வாங்கி, கொசுவமும் முந்தியும் மடிப்பெடுத்து, பின் குத்தி, அயர்ன் பண்ணி, பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவாள். பிரித்துச் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். பின்களை உதட்டில் கவ்விக்கொண்டு அவள் வேலை செய்கிற அழகைப் பார்க்கவே பக்கத்து ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டியில் வந்தார்கள்.

"அப்பன் அத்தன வருசம் மில்லுல நூல் சுத்துனாரு, ஒருத்தராச்சும் நல்லாச் சுத்தறேன்னு சொல்லியிருப்பாங்களாம்மா?" என்று கோகிலா கேட்டாள். "என்னையக் கட்டிப் புடிச்சுட்டுப் போறாளுக."

பொய் சொல்லக் கூடாது, அந்த முதல் சில மாதங்கள் லைனே ஒரு திருவிழா மாதிரிதான் இருந்தது. ஒரே மெஷின் முன்னால் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டின ஆம்பளைகள் தங்களுக்கு வாய் இருக்கிறது, பேரம் பேசத் தெரிகிறது, சிரித்தால் வாடிக்கை நிற்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். மாராத்தாளுக்கு மகளைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஏன் என்றால், விடிகாலையில் அந்த ஷட்டர்களை யாரும் தூக்கவில்லை, அவை தானாகவே மேலே போயின, கடைக்காரர்களின் கால்களும் தானாகவே அங்கே போயின. வேண்டாமென்று தாராபுரத்து மாமனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்ட ஒருத்தன், விடியும்போது இங்கே தன் கடை ஸ்டூலில், அங்கே போர்த்தின போர்வையோடு உட்கார்ந்திருந்தான்.

உட்கார்ந்தவர்கள் போணி ஆகிற வரைக்கும் வெளியே வர முடியாது. அது மெதுவாகத்தான் புரிந்தது. காலையில் நடக்கிற முதல் வியாபாரம் முடிந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். அதற்கு முன்னால் காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைத்தால், கால் திரும்பவும் உள்ளேயே வந்து நிற்கும். சொந்த வீட்டு ஆள் போணி பண்ணினால் செல்லாது, ரத்த சம்பந்தம் பண்ணினாலும் செல்லாது. போனில் பணம் போட்டால் வந்துவிட்டது என்று பெட்டி மட்டும் கத்தும், ஷட்டர் அதை மதிக்காது. காசு கண்ணில் தெரிய வேண்டும், சரக்கு கை மாற வேண்டும்.

இன்னொன்று இருந்தது. போணி ஆகாமல் கடைக்காசு வெளியே போகக் கூடாது என்பது எல்லா ஊர்க் கடைக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்தானே, சில்லறை கேட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இங்கே அது பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. ஒருநாள் காலையில் வேலுச்சாமி கடையில் போணிக்குக் காத்து உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி புழக்கடைப் பக்கம் பால்காரனுக்கு, அடுப்படி டப்பாவிலிருந்து எடுத்து, பால்காசு கொடுத்தாள். வீட்டுக்காசு எந்தக் கையில் போனாலும் வீட்டுக்காசுதான் என்று அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? முன்பக்கம் ஷட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் ஷட்டரும் இல்லை, போர்டும் இல்லை, வெள்ளையடித்த சுவர்தான் இருந்தது. கடப்பாரை போட்டு உடைத்தார்கள், அந்தப் பக்கம் அடுப்படியில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. உடைத்ததைப் பூசின பிறகும் கொஞ்ச நாள் வரைக்கும் சுவரில் காதை வைத்தால், "வாங்க, வாங்க, என்ன வேணுமுங்க" என்று வேலுச்சாமி உள்ளே மெதுவாகக் கேட்பது கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அவள் இன்னமும் மத்தியானச் சோற்றை அந்தச் சுவரோரம் வைத்துவிட்டு வருகிறாள்.

அன்றிலிருந்து மில் லைனில் எல்லாரும் பணத்தைக் கல்லாவில் வைக்காமல் வீட்டுக்குள் பீரோவில் பூட்டினார்கள். போணிக்கு முன்னால் ஒரு பைசா வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து போகிற வரைக்கும் சமாளித்தார்கள். ஆனால் முகாம் நடத்துகிற தம்பி மற்ற ஊர்களுக்கும் போனான், மற்ற ஊர்க்காரர்களும் தக்காளி சாதம் சாப்பிட்டார்கள். அங்கங்கே ஷட்டர் முளைக்க முளைக்க, இங்கே வருகிற ஸ்கூட்டி குறைந்தது. கடைசியில் ஒருநாள் விடிந்தபோது யாருமே வரவில்லை. இரண்டு பக்கமும் ஷட்டர் மேலே போய், ஒவ்வொருத்தரும் அவரவர் ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடையில் வாங்கலாம்தான். வாங்கினால் போணிக்கு முன்னால் காசு வெளியே போகும். எல்லாருக்கும் வேலுச்சாமி ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின மாராத்தாள் தெருவில் கால் வைத்ததும், அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாலி இழந்தவள் கையில் போணி வாங்குவதா என்பதுதான். கல்யாண வீட்டில் அவளைப் பின்னால் நிற்க வைத்தவர்கள், வண்டி எடுக்கும்போது அவள் எதிரே வந்தால் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினவர்கள் அவர்கள். வெயில் ஏறியது, ராகி லட்டுக் கிழவர் ஒண்ணுக்கு அடக்க மாட்டாமல் முனகினார், நாச்சிமுத்து கடையில் உட்கார்ந்தபடியே கை கூப்பினான்.

"அக்கா, நீங்களே போணி பண்ணிப்போடுங்க. ஒரே ஒரு தட்டு."

"என்ற கையிலயா? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையச் சொல்லுவீங்க."

"அட, சாமி! ஆனா ஆகுது, குடுங்க."

அவள் ஒரு தட்டு வாங்கினாள். நாச்சிமுத்து எழுந்து வெளியே வந்தான், போணி ஆனவன் செலவு பண்ணலாமல்லவா, அவன் ராகி லட்டு வாங்கினான், லட்டுக்காரர் புழக்கடைக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்து நாய்ச்சட்டை வாங்கினார், அவர் வீட்டில் நாயே கிடையாது, அப்படியே ஒரு மடையைத் திறந்துவிட்ட மாதிரி கடைசிக் கடை வரைக்கும் போணி பாய்ந்தது. அன்றைக்கு லைனில் நல்ல வியாபாரம் நடந்தது. மறுநாளிலிருந்து மாராத்தாள் எப்போது எழுவாள் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு முகம் திருப்பினவர்கள், "மொதல்ல எங்க கடைக்கு வாங்கக்கா" என்று சண்டை போட்டார்கள். வெட்கம் கெட்ட ஜனம், ஆனால் பயந்த ஜனத்துக்கு வெட்கம் எங்கேயிருந்து வரும்?

கோகிலாவுக்கு அப்போது நிறைமாதம். மருமகன் லாரியோடு நாக்பூர் போயிருந்தான். பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டி வந்து வைத்தால், விடிந்ததும் பெண் எதிர்வீட்டுக் கடையில் அயர்ன் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாராத்தாள் தன் முந்தானையையும் மகள் முந்தானையையும் முடிச்சுப் போட்டுப் படுத்துப் பார்த்தாள். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அதிலிருந்து அவளுக்கு ஒரே கவலை, வலி வருகிற நேரத்தில் போணி ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் இருட்டு விலகும் முன்பே எழுந்து நாச்சிமுத்து கடைக்கு ஓடினாள். தான் மகளிடம் வாங்கினால் செல்லாது, அவன் வாங்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ராகி லட்டுக் கிழவர் அந்தப் பேச்சை எடுத்தார். "அம்மிணி, நீ எத்தன நாளைக்குச் சும்மா பண்ணுவே? இதையே தொழிலாப் பண்ணு. வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் குடுத்தர்றோம். உன்ற கை கைராசிக் கை."

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் படுத்தபின், ஆஸ்பத்திரிச் செலவு இருக்குது, பேரப் பிள்ளைக்கு அரைஞாண் வாங்க வேண்டும், வாங்கினால்தான் என்ன தப்பு, கேட்டால் கொடுப்பார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே எழுந்து வெளியே ஓடி, தன் வீட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சுவர் வெதுவெதுப்பாக, உள்ளேயிருந்து யாரோ முதுகை வைத்துத் தள்ளுகிற மாதிரி கொஞ்சம் புடைத்திருந்தது. இரண்டு கையாலும் அதை அழுத்தினாள். "வேண்டாஞ் சாமி, நான் ஒண்ணும் நெனைக்கல, நான் ஒண்ணும் நெனைக்கல" என்று சுவரிடம் கெஞ்சினாள். நினைத்ததை எப்படி நினைக்காமல் ஆக்குவது?

விடியும்போது அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே தெரு நீளத்துக்கும் ஷட்டர்கள் மேலே போயிருந்தன. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள், அது தனக்காக இல்லை என்று மாராத்தாளுக்குத் தெரியும். போணி பண்ண இனிமேல் தெருவில் ஆள் இல்லை.

நேர் எதிரே கோகிலா இருந்தாள். அவள் உதட்டில் பின் இருந்தது, கை மேசையைப் பிடித்திருந்தது. ஸ்டூலின் கீழே சிமென்ட் தரை நனைந்திருந்தது.

"அம்மா" என்றாள், பின்னைக் கவ்வியபடியே. "பனிக்குடம் ஒடைஞ்சிருச்சும்மா."

தெருவே ஒரேயடியாகக் கத்தியது. எவனோ நூற்றியெட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, "டிரைவர் வீட்டுலயும் கடை மொளைச்சிருச்சுங்க, போணி ஆனதும் கெளம்பிருவாரு" என்றாள். ராகி லட்டுக் கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள், ஒருதரம் படியைத் தாண்டப் பார்த்தாள், அவள் கால் அவளையே உள்ளே கொண்டுபோய் வைத்தது.

மாராத்தாள் இடுப்பில் ஒரு நோட்டு இருந்தது, காலைப் போணிக்கு என்று முந்தின நாளே சொருகி வைத்தது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அவள் ஒன்றும் தைரியசாலி இல்லை, பல்லி விழுந்தாலே நடுங்குகிறவள். வேலுச்சாமியின் "வாங்க, வாங்க" காதில் கேட்டது, எத்தனை நாள் அந்த மனுசன் இருட்டில் கூப்பிட்டிருப்பான், சோறு வைப்பது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அவள் கை அந்த நோட்டை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தின் வளையத்தில் சுருட்டிச் செருகியது. லைனில் வண்டி வைத்திருக்கிறவன் ஒருத்தன்தான்.

"நாச்சி! ஒரு தட்டு குடு."

நாச்சிமுத்துவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கையை வீசித் தடுத்தான். "அக்கா, வேண்டாமுங்க. உங்களுக்கு இன்னும் போணி ஆகல."

"யேவாரத்துக்கு உக்காந்தவன் வேண்டாங்கலாமா? புடி!"

சாவிக்கொத்து தெருவைத் தாண்டி அவன் மடியில் விழுந்தது. அவன் அழுதுகொண்டே ஒரு பாக்குமட்டைத் தட்டை எடுத்து வீசினான். அது காற்றில் சாய்ந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. அதை அவள் கையில் எடுத்ததும், தலைக்கு மேலே இரும்பு கடகடவென்றது.

நாச்சிமுத்து படியைத் தாண்டி வந்துவிட்டான். வந்தவன் கோகிலாவிடம் போகவில்லை, நேராக இவளிடம் ஓடி வந்து, இறங்குகிற ஷட்டருக்குக் கீழே தோளைக் கொடுத்தான். அவன் தோளோடு சேர்த்து அது கீழே வந்தது.

"எதையாச்சும் எனக்கு வித்துப்போடுங்க அக்கா! அந்தத் தட்டையே குடுங்க! இந்தாங்க, நோட்டு!"

"அது என்ற காசு நாச்சி. அது எனக்கே போணியாகுமா?"

"ஆகுதோ என்னமோ, பாத்துப்போடலாம், குடுங்க!"

ஆனாலும் ஆகியிருக்கும், யார் கண்டது? அவன் கையில் இருந்தது அந்த ஒரே நோட்டு, மற்றதெல்லாம் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது, ஆகாமல் போனால் இந்த நோட்டும் அவளோடு உள்ளேயே போய்விடும். தெருவில் பாதிப் பேர் அக்காவைப் பாரு என்று கத்தினார்கள், பாதிப் பேர் புள்ளையப் பாரு என்று கத்தினார்கள். மாராத்தாளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிடலாம் என்று கை முன்னால்கூடப் போனது. அப்போது எதிரே கோகிலா கத்தினாள், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண், மாடு கத்துகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

மாராத்தாள் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "உனக்கு நான் ஒண்ணும் விக்கல. போடா! போயி அவகிட்ட ஒரு பின்னு வாங்கு!"

அவன் தோளை உருவிக்கொண்டு ஓடினான். ஷட்டர் அவள் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். கோகிலா உதட்டிலிருந்து பின்னை எடுத்து அவனிடம் நீட்டினாள், நோட்டை வாங்கினாள், கால் படியைத் தாண்டியது. தாண்டினதும் வண்டிப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் திரும்பி, "அம்மா!" என்று தரையில் கை ஊன்றி வரப் பார்த்தாள்.

"வராத கண்ணு! வந்தா என்ற செருப்பு பிஞ்சிரும், பாத்துக்க! வண்டில ஏறு! நாச்சி, அவளத் தூக்கிப் போடு!"

ஷட்டர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. மாராத்தாள் தரையில் படுத்து, கன்னத்தைச் சிமென்டில் வைத்து, கீழே இருந்த வெளிச்சத்தின் வழியாகப் பார்த்தாள். கோகிலாவின் கால்கள் தெரிந்தன, அவளைத் தூக்கின நாச்சிமுத்துவின் கால்கள் தெரிந்தன, பிறகு வண்டிச் சக்கரம் மட்டும் தெரிந்தது. தெருவில் யாரோ "போணி! போணி!" என்று கத்தினார்கள், கோகிலா கையிலிருந்து விழுந்து கிடந்த அந்த நோட்டு யாருக்கு என்று அதற்குள் சண்டை ஆரம்பித்திருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. பின்னால் இருட்டில், அவளுக்குப் பின்பக்கம் சுவரே இல்லாத மாதிரி ஒரு குளிர் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாச்சி!" என்று விரல் அளவு இடைவெளியில் வாயை வைத்துக் கத்தினாள். "ரயில்வே கேட்டு வழியாப் போகாத சாமி, அங்க ரோடு குண்டுங்குழியுமாக் கெடக்குது! கோயிலச் சுத்திப் போ! மெதுவாப் போ!"

இரும்பு தரையைத் தொட்டது. இருட்டில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தெரு முனை வரைக்கும் போன வண்டி அங்கே கொஞ்சம் நின்றது, பிறகு கோயில் பக்கம் திரும்பி மெதுவாகப் போனது.